பின் சீட்டு மரியாதை

பிளிண்ட், மிச்சிகன்
ஏப்ரல் 9, 2019

அன்புள்ள ஹாலிஸ் அண்ணனுக்கு,

நேற்று போனில் நான் கத்திக் கத்திச் சொன்னது உன் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. நீ "ஆமா ஆமா" என்று சொன்ன இடமெல்லாம் நான் கேள்வி கேட்ட இடம். கார் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் இரைச்சல் உன் காதைத் தின்ற நாளிலிருந்து நமக்குக் கடிதம்தான் சரிப்பட்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக் காரியமெல்லாம் பார்க்கும் டீக்கன் லெஸ்டர் என்னையும் ஆமோஸையும் கண்ணை மூடச் சொல்லி, கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனார். கண்ணைத் திறந்தால் வண்டி நிறுத்தும் இடத்தின் நடுவில் ஊதா நிறத் துணி போர்த்தி ஒரு மலை நிற்கிறது. துணியை உருவியதும் கீலேயாத் சபை முழுக்க ஒரே கூச்சல். முகம் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்யலாம் போல ஒரு கறுப்புப் பளபளப்பு, என் இடுப்பு உயரத்துக்குச் சக்கரம், ஏறுவதற்குத் தானாகக் கீழே இறங்கும் படி. "இருபத்தஞ்சு வருஷம் எங்களச் சுமந்தீங்க பாஸ்டர். இனிமே இது உங்களச் சுமக்கட்டும்" என்று லெஸ்டர் சொன்னதும் ஆமோஸ் அழுதுவிட்டார். என் கணவர் கல்யாணத்தன்று கூட அழாதவர்.

கம்பெனியில் ஓய்வு பெற்ற உன் பெயரில் கிடைக்கும் குடும்பச் சலுகையில்தான் வண்டி வந்தது என்று லெஸ்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். மிச்சப் பணமெல்லாம் வெள்ளிக்கிழமை மீன். ஐடெல்லா அம்மா, சபையின் மூத்த தாய், பனிக்காலம் முழுக்கச் சபை அடுக்களையில் நின்று கெளுத்தி மீன் பொரித்து விற்றிருக்கிறார். மணிக்கட்டு வீங்கிக் கட்டுப் போட்டிருக்கிறார். அந்தக் கட்டுப் போட்ட கையாலேயே எனக்குப் பின் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறும்மா. தொப்பியக் கழட்டாதே. இந்த வண்டியில அதுக்கெல்லாம் அவசியமில்ல" என்றார்.

என் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகளைப் பற்றி உனக்குத் தெரியும். நீ 'சோபா' என்று பெயர் வைத்த எங்கள் பழைய செடானில் இத்தனை வருஷம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன். இப்போது மகாராணி மாதிரி தலையில் வைத்துக்கொண்டே ஏறுகிறேன்.

சீட்டு கொஞ்சம் விறைப்பு. புதுச் செருப்பு மாதிரி, போகப் போகப் பழகிவிடும்.

நன்றி அண்ணா. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வெர்லீன்


டெமோபோலிஸ், அலபாமா
ஏப்ரல் 20, 2019

வெர்லீனுக்கு,

உன் கடிதத்தை முடிதிருத்தும் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஊதாத் துணியை உருவிய இடத்தில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. இந்த ஊரில் இனிமேல் கொஞ்ச நாளைக்கு என் தங்கச்சி வண்டிதான் பேச்சு.

நீ தெரிந்துகொள்ள வேண்டும், அந்த வண்டியை நான் ஏனோதானோ என்று எடுத்துக் கொடுக்கவில்லை. மார்ச்சில் உனக்குத் தெரியாமல் நான் அங்கே வந்தபோது விற்பனைக்காரன் என்னிடம், "சின்னச் சக்கரம் போட்டு எடுங்க சார். டயர் சதைப்பிடிப்பா இருக்கும், நம்ம ரோட்டுக்கு மெத்துனு போகும்" என்றான். நான் சொன்னேன்: "இது பாஸ்டர் வண்டிப்பா. சபை வாசல்ல நிக்கறப்போ காய்கறி வாங்கப் போற வண்டி மாதிரி நிக்கக் கூடாது. இருக்கறதிலயே பெருசாப் போடு." அவன் வாயை மூடிக்கொண்டான். சக்கரம்தான் வண்டிக்கு முகம். அதன்மேல் டயர் ஒரு ரிப்பன் மாதிரி இருக்க வேண்டும். அதுதான் இப்போதைய அழகு.

யாரிடம் வந்து மெத்து பற்றிப் பேசுகிறான்! பிரஸ் ஷாப்பை விட்ட பிறகு ஓய்வு பெறும்வரை கம்பெனியின் சோதனைத் தடத்தில் வண்டி ஓட்டியவன் நான். கல் பாவிய பாதை, அலை அலையான பாதை, வேண்டுமென்றே தோண்டிவைத்த பள்ளம், எல்லாவற்றிலும். முன்னால் நான், பின் சீட்டில் ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகள். இறங்கியதும் இன்ஜினியர்கள் கருவியைப் பார்க்கமாட்டார்கள். "ஹாலிஸ், உன் பின்புறம் என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார்கள். அது சரி என்றால்தான் வண்டி ஊருக்குப் போகும். உங்கள் வண்டியையும் ஷோரூமிலிருந்து சபை வரை நானே ஓட்டி வந்தேன். என் பின்புறம் சரி என்றது.

நீ பின் சீட்டில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று அனுப்பு. கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். மாப்பிள்ளையிடம் சொல், ஜன்னலை இறக்கிக்கொண்டு போகட்டும். கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்தால் யாருக்குத் தெரியும்?

ஹாலிஸ்


பிளிண்ட்
ஜூன் 3, 2019

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இதோடு படம் வைத்திருக்கிறேன். வண்டி நிற்கும்போது எடுத்தது.

தொப்பியின் உச்சி கொஞ்சம் நசுங்கியிருப்பது உன் கண்ணில் பட்டுவிடும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பனி உருகியதும் எங்கள் ரோடுகள் எப்படி ஆகும் என்று உனக்குத் தெரியும். ஒரு பள்ளத்தில் நான் எழும்பிப் போய்க் கூரையில் இடித்துக்கொண்டேன். கூரை உயரம்தான். நான்தான் அதைவிட உயரப் போய்விட்டேன்.

நீ சொன்னபடியே ஆமோஸ் ஜன்னலை இறக்கிக்கொண்டுதான் போகிறார். லெஸ்டர் ஓட்டுவார், பாஸ்டர் முன்னால் உட்கார்ந்து தெருவுக்கெல்லாம் கை காட்டுவார், பாஸ்டரம்மா நான் பின்னால் வலப்பக்கம். எந்தச் சபையிலும் இதுதான் ஒழுங்கு. முன் சீட்டு எப்படி இருக்கும் என்று எனக்கு ஒருநாள் உட்கார்ந்து பார்க்க ஆசை. சும்மா சொன்னேன்.

இன்னொன்றும் சும்மாதான் கேட்கிறேன். விற்பனைக்காரன் சொன்ன அந்தச் சின்னச் சக்கரத்தை இப்போது மாற்ற முடியுமா? இதற்குப் பதில் எழுத வேண்டாம். வண்டி மிக அழகாக இருக்கிறது. நேற்று கூட எதிர் வீட்டுக்காரர் சக்கரத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

பழைய சோபாவை நேட் க்ரம்ப் வாங்கிக்கொண்டான். மளிகைக் கடை வாசலில் நின்று, பை தூக்க முடியாதவர்களை வீட்டில் இறக்கிவிடுகிறான். வாடகை வண்டி உரிமமெல்லாம் ஒன்றும் கிடையாது. தெருவில் எதிரே வரும்போது அந்த வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டு, என்னைப் பார்த்து "நலமா?" என்று தலையாட்டுவது போலப் போகிறது. எனக்குச் சிரிப்பு வரும். சில நாள் சிரிப்பு வருவதில்லை.

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாதே.

வெர்லீன்


டெமோபோலிஸ்
ஜூலை 14, 2019

வெர்லீனுக்கு,

நம் பெரியம்மா மகள் வனீட்டா எழுதியிருக்கிறாள். நீ கிளினிக்கின் பின்வாசலில் நேட் க்ரம்ப் வண்டியிலிருந்து இறங்கினாயாம். தொப்பி இல்லையாம், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. ஒரு தடவை பார்த்தால் ஏதோ அவசரம் என்று விட்டுவிடலாம். அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். சபையில் இரண்டு விதமாகப் பேசுகிறார்களாம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் சரியில்லை என்று ஒரு கட்சி. கால்வரி சபைப் பாஸ்டருக்கு நம்முடையதைவிட நீளமான வண்டி வந்ததிலிருந்து உனக்கு இது கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்று இன்னொரு கட்சி.

இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் படம் இன்னும் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. முடிவெட்டுபவன் கத்தரியை என் காதோரம் வைத்துக்கொண்டு, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாக, "அண்ணே, நீங்க வாங்கிக் குடுத்த வண்டி வீட்ல நிக்குதாம், உங்க தங்கச்சி வாடகை வண்டில போகுதாம்" என்றான். கடையே சிரித்தது. பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்துவிட்டேன். ஊரில் யார் சிரித்தாலும் எனக்குக் காது கேட்காது, தப்பித்துக்கொள்வேன். அன்றைக்கு மட்டும் நன்றாகக் கேட்டது.

என் கையால் வந்தது என்பதால் பிடிக்கவில்லையா? வேண்டாம் என்றால் அப்போதே சொல்லியிருக்கலாம். நேட் க்ரம்ப்பின் பின் சீட்டில் ஒளிந்துகொண்டு போக உனக்கு வெட்கமாக இல்லையா?

செப்டம்பரில் சபையின் ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டு மரியாதை செய்யப்போவதாக லெஸ்டர் எழுதியிருந்தார். நான் வரவில்லை என்று சொல்லிவிடு.

ஹாலிஸ்


பிளிண்ட்
ஜூலை 22, 2019

அண்ணா,

வெட்கமாக இருக்கிறது. அதைத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் அதையேதான் எழுதுகிறேன்.

பிப்ரவரியிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். முதுகெலும்பின் அடிப்பக்கம் நரம்பு போகிற வழி சுருங்கிவிட்டதாம். குலுக்கல் ஆகாது என்றார். வீட்டில் ஆமோஸிடம் வயதான வலி என்று சொல்லிவைத்தேன். நீங்கள் எல்லோரும் எனக்குத் தெரியாமல் வண்டி பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் உங்களுக்குத் தெரியாமல் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு இரகசியமும் ஊதாத் துணிக்கு அடியில் முட்டிக்கொண்டன.

முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது. நம் ரோட்டில் ஒரு சின்ன விரிசல் கூட அந்தச் சக்கரத்துக்குத் தப்பாது. அப்படியே எடுத்து என் இடுப்பில் கொண்டுவந்து வைக்கும். வலது காலில் கரண்ட் அடித்தது போல ஓடும். வீட்டுக்கு வந்து தரையில் மல்லாந்து படுத்துவிடுவேன், தொப்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். திங்கட்கிழமை எழுந்து நிற்க முடியாது. வாரத்தில் இரண்டு நாள் கிளினிக்கில் முதுகுக்குப் பயிற்சி. அதற்குத்தான் நேட். அவன் வண்டி குழியில் விழுந்தால் குழி இருந்ததே எனக்குத் தெரியாது. ஒருநாள் கதவைத் திறந்துவிட்டு, "வண்டி பழசுதாம்மா. ஆனா உங்களுக்குப் பழகுனது" என்றான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் அவனிடம் யாருக்கும் சொல்லாதே என்று கெஞ்சினேன்.

முன் சீட்டில் உட்காரட்டுமா என்று ஆமோஸைக் கேட்டுப் பார்த்தேன். "லெஸ்டர் பக்கத்துல நீ, பின்னால நான்னா, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க வெர்லீன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னார். வலியைப் பற்றிச் சொல்லியிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பார். சொன்னால் அவர் சபையில் சொல்வார், அவருக்கு ஒளிக்கத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஒவ்வொரு ஞாயிறும் நான் இறங்கும்போது ஐடெல்லா அம்மா வாசலில் நிற்பார். "வண்டி எப்படிம்மா போகுது?" என்பார். அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "மேகத்துல போற மாதிரிம்மா" என்பேன். அவர் முகம் மலரும். இதைவிடப் பெரிய பொய்யை நான் சபை வாசலில் நின்று சொன்னதில்லை.

இப்போது நிலைமை இன்னும் மோசம். வனீட்டா சொன்ன இரண்டாவது கட்சிதான் வென்றுவிட்டது. பாஸ்டரம்மாவுக்குக் கால்வரி சபை வண்டியைப் பார்த்து மனக்குறை என்று முடிவு செய்து, இதைக் கொடுத்துவிட்டு அந்த நீளமான மாடலை எடுக்கப் போகிறார்கள். அதற்குச் சக்கரம் இன்னும் பெரியதாம். ஆண்டு விழாவில் அறிவிப்பு. வெள்ளிக்கிழமை மீன் மறுபடியும் தொடங்கிவிட்டது. ஐடெல்லா அம்மா கையில் போட்ட கட்டை அவிழ்க்காமலே கரண்டி பிடிக்கிறார்.

என் வாயால் ஒரு வார்த்தை வராததால் அந்த அடுப்பு எரிகிறது, அண்ணா. சொன்னாலும் அவமானம், சொல்லாவிட்டாலும் அவமானம். வண்டியைப் பற்றித் தெரிந்தவன் நீ. நீ ஒரு வார்த்தை சொன்னால் சபை கேட்கும். விழாவுக்கு வந்து, இந்த வண்டியே போதும், சக்கரத்தை மட்டும் மாற்றலாம் என்று சொல்லிவிடேன்.

வெர்லீன்


டெமோபோலிஸ்
ஜூலை 30, 2019

வெர்லீனுக்கு,

உடம்புக்கு முடியவில்லை என்பது வருத்தம்தான். அதை வண்டியின் தலையில் போடாதே.

நான் அதை ஓட்டியவன். ஷோரூமிலிருந்து சபை வரை அதே ரோடுதான், அதே பள்ளம்தான். என் முதுகுக்கு உன்னுடையதைவிட வயது அதிகம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் டிரக்கில் போகும்போதும் நீதான் பின்னால் உட்கார்ந்து குலுக்குது குலுக்குது என்று அழுதுகொண்டு வருவாய். அப்பாவும் நானும் முன்னால் சிரித்துக்கொண்டு வருவோம். அந்தப் பழக்கம் உனக்குப் போகவில்லை.

பெரிய சக்கரம் கேட்டது நான். இப்போது அந்தச் சபையின் முன் நின்று அது தப்பு என்று நான் சொல்ல வேண்டுமா? ஆயுசு முழுக்க இதுதான் என் வேலை. எனக்கென்று இருக்கிற மதிப்பு அது ஒன்றுதான்.

நீயும் வாயைத் திறக்காதே. மாத்திரை போட்டுக்கொள். பெரிய வண்டி வந்தால் வரட்டும்.

லெஸ்டர் மறுபடியும் எழுதியிருக்கிறார், அழைப்பிதழில் என் பெயரை அச்சடித்துவிட்டார்களாம். அதனால் வருகிறேன்.

ஹாலிஸ்


பிளிண்ட்
ஆகஸ்ட் 12, 2019

அண்ணனுக்கு,

சரி. சபையில் உன்னை எதுவும் சொல்லச் சொல்லமாட்டேன்.

விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, டெட்ராய்ட் விமான நிலையத்துக்கு வண்டியோடு வருகிறோம். நீ இந்த விழாவின் விருந்தாளி. எங்கள் வண்டியில் மரியாதைக்குரிய இடம் பின் சீட்டு வலப்பக்கம். இத்தனை நாளும் அது என் இடம், அன்றைக்கு உனக்குத் தருகிறேன். நான் உன் பக்கத்தில் இருப்பேன். முன்னால்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்காதே. பாஸ்டர் இடத்தில் விருந்தாளி உட்கார்ந்தால் சபை என்ன நினைக்கும்?

கறுப்பு சூட்டை எடுத்துவா.

வெர்லீன்


டெமோபோலிஸ்
செப்டம்பர் 19, 2019

வெர்லீன்,

சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். விடியும் முன்னால் எழுந்து சமையலறை மேசையில் இருந்த நம்பருக்கு நேட் க்ரம்ப்பைக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தார், தடுக்கவில்லை. உன் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

பின் சீட்டைப் பற்றி எழுத வேண்டும். நீ அதைத் திட்டம் போட்டுச் செய்தாயா என்று கேட்கமாட்டேன்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வரும்வரை ராஜா மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். பெருஞ்சாலையில் ஒட்டுப்போட்ட இடம் வந்ததும் முதல் அடி விழுந்தது. பின் சக்கரம் என் இடுப்புக்குக் கீழேயே உருள்வது போல இருந்தது. முன்னால் லெஸ்டரும் மாப்பிள்ளையும் பேஸ்பால் பேசிக்கொண்டு வருகிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ ஒரு கையால் மேலே பிடியையும் இன்னொரு கையால் தொப்பியையும் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். ஒவ்வொரு குழிக்கும் முன்னால் என் பக்கம் திரும்பாமலே, "புடிச்சுக்கோ" என்றாய். உடனே குழி வந்தது. எனக்குக் காது கேட்காது என்று நினைவு வந்ததும் என் முழங்காலைத் தட்டத் தொடங்கினாய். அந்த ரோட்டின் ஒவ்வொரு குழியும் உனக்கு மனப்பாடமாக இருந்தது.

வீட்டில் இறங்கியபோது எனக்கு நிமிர முடியவில்லை. நீ பார்த்தாய். சூப்பை எடுத்துவைத்தாய்.

வெர்லீன், வேலை பார்த்த காலமெல்லாம் நான் பின் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. பின்னால் மணல் மூட்டைதான் இருந்தது. அது முனகாது. எவ்வளவு குலுக்கினாலும் இறங்கியதும் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். அப்பா டிரக்கிலும் நான் முன்னால். இந்த வண்டியையும் முன்னால் இருந்து ஓட்டிவிட்டு, சரி என்று உனக்கு எழுதினேன்.

அது தெரிந்த பிறகாவது நான் மனிதனாக நடந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் பெயரைக் கூப்பிட்டு, அந்தக் கேடயத்தைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். முதல் வரிசையில் ஐடெல்லா அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இடுப்பில் வலி ஓடிக்கொண்டிருக்கிறது, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நேத்து அந்த வண்டியிலதான் வந்தேன். மேகத்துல வந்த மாதிரி இருந்துச்சு" என்றேன். உன் வார்த்தையைத் திருடிச் சொன்னேன். கைதட்டினார்கள். லெஸ்டர் எழுந்து நீளமான வண்டியை அறிவித்தார்.

அப்போதுதான் நீ எழுந்தாய். நடைபாதையில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினாய். நீ பேசியது எனக்குப் பாதிதான் கேட்டது. மீதியை உன் உதட்டிலிருந்து படித்தேன். முதுகு சரியில்லை என்றாய், பழைய வண்டியில் ஒளிந்து ஒளிந்து போனேன் என்றாய், மீன் பொரிப்பதை நிறுத்துங்கள் என்றாய். அந்த அம்மா உட்கார்ந்தபடியே கேட்டார். அதுமட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்ப மேகம்னு சொன்னியே?"

"பொய் சொன்னேம்மா."

சபையில் ஒரு விசிறி கூட அசையவில்லை. நீ தலைகுனிந்து நின்றாய். நான் மேடையில் கேடயத்தோடு நின்றேன். சக்கரம் பெரிதாக இருக்கிறது, அதுதான் காரணம், கேட்டு வாங்கியவன் இதோ நிற்கிறான் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கடிதம் உன் பெட்டிக்குள் இருக்கிறது. முதுகு, முதுகு என்று எல்லாவற்றையும் உன்மேலேயே போட்டுக்கொண்டாய். நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக நான் நின்றதில்லை.

நேட்டின் வண்டியில் பின்னால்தான் ஏறினேன். பெருஞ்சாலை ஏறியது தெரியும். அதன் பிறகு அவன் தோளைத் தட்டி, "ஏர்ப்போர்ட் வந்துருச்சு" என்று எழுப்பினான்.

கேடயத்தைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவில்லை. கடைச் சுவரில் இருந்த உன் படத்தைப் போய் வாங்கி வந்தேன். ஏன் என்று முடிவெட்டுபவன் கேட்டான். ஷோரூம்காரன் சொன்னதையும் நான் சொன்னதையும் அவனிடம் சொன்னேன். கடையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உனக்கு ஒன்று தர வேண்டும். அது தபாலில் அனுப்புகிற சாமான் இல்லை. கதவைத் திறப்பாயா என்று தெரியவில்லை.

ஹாலிஸ்


பிளிண்ட்
அக்டோபர் 21, 2019

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? சர்க்கரைக்காரன் அலபாமாவிலிருந்து பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வரலாமா என்று உன்னைத் திட்ட நினைத்திருந்தேன். அன்றைக்குத் திட்டுவதற்கு இடம் கிடைக்கவில்லை.

நீ வருவதற்கு முந்தைய வாரங்கள் எப்படி இருந்தன என்று உனக்குச் சொல்லவில்லை. விழா முடிந்து வீடு திரும்பும்போது ஆமோஸ் முன் கதவைத் திறந்து என்னை உட்காரவைத்துவிட்டு அவர் பின்னால் போய் உட்கார்ந்தார். வழி முழுக்க யாருக்கும் கை காட்டவில்லை. வீட்டு வாசலில் இறங்கி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ கேட்டப்ப நான் எதுக்குன்னு கூடக் கேக்கல" என்றார். அன்றிலிருந்து அவரே எனக்குச் செருப்பு மாட்டிவிடுகிறார், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

மீன் பொரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஐடெல்லா அம்மா என்னோடு பேசவில்லை. வாசலில் நிற்பார், நான் இறங்கியதும் பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பார். வலியைவிட அது பெரிதாக இருந்தது. ஒருநாள் மன்னிப்புக் கேட்கக் கிட்டப் போனேன். "நீ மேகம்னு சொன்ன சந்தோஷத்துலதான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திரும்பக் கரண்டி புடிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதனால்தான் போன வாரம் ஆராதனை முடிந்து நாங்கள் எல்லோரும் வெளியே வந்தபோது, பாஸ்டர் வண்டிக்கு அடியில் ஜாக்கி வைத்து, கறுப்பு சூட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கிழவன் ஒருவன் சக்கரத்தைக் கழற்றுவதைப் பார்த்ததும் என்னால் நகர முடியவில்லை. என்னிடம் கூட வந்ததாகச் சொல்லவில்லை நீ. லெஸ்டர் ஓடிவந்தார், இளவட்டங்கள் ஓடிவந்தார்கள். ஒருவரையும் தொட விடாமல் விரட்டினாய். உனக்குக் கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தாயா என்று தெரியவில்லை.

ஐடெல்லா அம்மாதான் உன் முன்னால் போய்க் குனிந்து, முகத்தைக் காட்டிக் கேட்டார். "என்னப்பா பண்ற?"

நீ எழுந்திருக்கவில்லை. முட்டி போட்டபடியே, சபை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாய்.

"கடைக்காரன் சின்னச் சக்கரம்தான் நல்லதுன்னான். நான்தாம்மா பெருசு வேணும்னேன். எல்லாரும் பாக்கணும்னு. இவ முதுகு மேல தப்பில்ல. அவ எழுதுனா, நான்தான் வாய மூடுன்னு எழுதுனேன். அன்னிக்கு மேடையில நானும் பொய்தான் சொன்னேன்."

உனக்கு எதிரே சபையே நின்றது, நீ ஒரு போல்ட்டைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னாய். நான் அழுதது உனக்குத் தெரியாது. நீ திரும்பவே இல்லை. கொண்டுவந்த சின்னச் சக்கரம் நான்கையும் மாட்டிவிட்டு, அந்தப் பெரிய சக்கரங்களைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு, சாப்பிட்டுப் போ என்று நான் சொல்லும் முன்னே வண்டியைக் கிளப்பிவிட்டாய். சமைத்த கோழி அப்படியே இருந்தது.

நீ போன பிறகு நடந்ததுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தச் சக்கரம் மாமிச மலை ஒன்று குழந்தையின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் இனிமேல் அதோடு படம் எடுக்கமாட்டார். இளவட்டங்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐடெல்லா அம்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், டயரைக் கைத்தடியால் குத்திப் பார்த்தார்.

"பாக்க ஒண்ணும் நல்லா இல்ல" என்றார். பிறகு பின் கதவைத் திறந்து என்னை ஏறச் சொன்னார். "அந்தப் பக்கம் நகரு. நானும் வரேன். மேகமா, என்னன்னு நானே பாக்கறேன்."

லெஸ்டர் வேண்டுமென்றே பழைய ரயில் பாதைப் பக்கம் சுற்றி ஓட்டினார். உனக்குத் தெரியும் அந்த ரோடு. முதல் குழிக்கு முன்னால் பழக்க தோஷத்தில் நான் அவர் முழங்காலைத் தட்டினேன். குழி வந்தது, போனது. மேகமில்லை அண்ணா. வலி சுத்தமாகப் போகவும் இல்லை. ஆனால் உட்கார்ந்து வர முடிந்தது. ஐடெல்லா அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கட்டுப் போட்ட கையை எடுத்து என் கைமேல் வைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு வா. இந்தத் தடவை இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். கடையிலிருந்து வாங்கி வந்த அந்தப் படத்தைக் கிழித்துப் போடு, நின்ற வண்டியில் எடுத்தது. வேறு அனுப்புகிறேன். அன்றைக்கு ஆமோஸ் முன்னாலிருந்து திரும்பி எடுத்தது, ரயில் பாதையைத் தாண்டும்போது. கொஞ்சம் ஆடியிருக்கிறது. ஐடெல்லா அம்மாவும் நானும் தொப்பி போட்டிருக்கிறோம்.

வெர்லீன்